வரிசையை அளந்த ஏர்லாங்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறோம். மறுநொடியே அது நண்பரின் கைப்பேசியில் போய் விழுகிறது. அந்தச் செய்தியைக் கைமாற்றிவிடும் சர்வர்களில் ஓடும் நிரல்மொழியின் பெயர் ‘ஏர்லாங்’. அது 1929ஆம் ஆண்டில் மறைந்த ஒரு டென்மார்க் கணித அறிஞரின் பெயர். கணினியைக் கண்ணால் பார்த்திராத அவருக்கும் இன்றைய சர்வர்களுக்கும் என்ன தொடர்பு? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அக்னர் க்ராருப் ஏர்லாங் 1878 ஜனவரி 1ஆம் தேதி லோன்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். மாலை வேளைகளில் அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். அண்ணன் நேராகப் படிக்க, எதிரே அமர்ந்திருக்கும் அக்னர் எழுத்துகளைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடுவார். 14 வயதில், வயது போதவில்லை என்பதால் சிறப்பு அனுமதி பெற்று, கோப்பன்ஹேகனில் பல்கலைக்கழகத் தொடக்கநிலைத் தேர்வை எழுதிச் சிறப்பாகத் தேறினார். பிறகு உதவித்தொகையில் கணிதம் படித்து 1901இல் பட்டம் பெற்றார். அடுத்த ஏழு ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார்.

தொலைபேசி நிறுவனத்தில் ஒரு கணித ஆசிரியர்

டென்மார்க் கணிதச் சங்கக் கூட்டங்களுக்கு ஏர்லாங் தவறாமல் செல்வார். அங்கே யோஹான் யென்சன் என்பவர் அறிமுகமானார். கணிதத்தில் ‘யென்சன் சமனின்மை’யைத் தந்தவர் இவர்தான். பிழைப்புக்குக் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். அவர் வழியாக 1908இல் ஏர்லாங் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் அழைப்பையும் நிலையத்தில் இருப்பவர்கள் கையால் இணைப்பார்கள். கம்பிகள் குறைவாக இருந்தால் அழைப்பவர் காத்துக்கிடப்பார். அதிகமாக இருந்தால் நிறுவனத்தின் பணம் வீணாகும். அப்படியென்றால் எத்தனை கம்பிகள் போதும்? அதுவரை அனுபவத்தை வைத்தே பெரும்பாலும் முடிவெடுத்தார்கள். ஏர்லாங் அதைக் கணக்காக்கினார்.

ஆய்வுக்கு உதவியாளர் யாரும் இல்லாத தொடக்க நாள்களில் அவரே தெருவில் இறங்கினார். ஏணி தூக்கிவர ஒரு தொழிலாளியை உடன் அழைத்துக்கொண்டு, சாலையோரத் தரையடிக் குழிகளுக்குள் இறங்கிக் கம்பிகளை அளந்தார். 1909இல் வெளியிட்ட கட்டுரையில், தற்செயலாக வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்று காட்டினார். எஸ்டிபிஎம் கணிதம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1917இல், எத்தனை அழைப்புகள் இணைப்புக் கிடைக்காமல் போகும், கிடைப்பவை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கான சூத்திரங்களைத் தந்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவற்றை ஏற்றுக்கொண்டது.

ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?

இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். பிரிக்பீல்ட்சில் ஓர் அலுவலகம். அங்கே இரண்டு கவுன்டர்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு கவுன்டரும் 80 விழுக்காட்டு நேரம் வேலையில் இருக்கிறது. மக்கள் தற்செயலாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது. கவுன்டருக்கு ஒரு வரிசை என்று பிரித்து, யாரும் வரிசை மாறக்கூடாது என்று வைத்தால், சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். இருவருக்கும் சேர்த்து ஒரே வரிசை வைத்தால் சுமார் 9 நிமிடம்தான். கூடுதலாக ஓர் ஆள்கூட வேண்டியதில்லை.

சர்வரிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு சர்வரில் பல ‘கோர்’கள் இருக்கும். கோர் என்பது வேலை செய்யும் கவுன்டர் போன்றது. லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஒவ்வொரு கோருக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒரு வரிசை நீண்டால், அதிலிருக்கும் வேலையைச் சும்மா இருக்கும் கோருக்கு மாற்றுகிறது.

அப்படியென்றால் வேலைகளை விருப்பம்போல் மாற்றிக்கொண்டே இருக்கலாமா? கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஓர் உணவகத்தை நினைத்துப் பாருங்கள். தோசை ஊற்றுபவருக்கு மாவும் எண்ணெயும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அடிக்கடி அடுத்த கல்லுக்கு மாறச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோருக்கும் அருகிலேயே ‘கேஷ்’ என்ற சிறு நினைவகம் உண்டு. வேலை இடம் மாறினால் அங்கே சேர்த்து வைத்த தரவு பயனற்றுப் போகிறது. இரண்டு பிராசசர்கள் உள்ள பெரிய சர்வரில், தூரத்து நினைவகத்தை எட்டவும் கூடுதல் நேரம் ஆகிறது.

அதனால்தான் ஒரு வேலையைக் குறிப்பிட்ட கோரோடு பிணைத்து வைக்கும் அமைப்புகள் இருக்கின்றன. லினக்ஸில் அதற்கு ‘டாஸ்க்செட்’, ‘நியூமாகன்ட்ரோல்’ என்ற கட்டளைகள் உதவுகின்றன. ஏர்லாங் மொழி வழக்கமாக ஒரு கோருக்கு ஒரு மேலாளர் என்ற கணக்கில் வேலைகளைப் பங்கிடுகிறது. அந்த மேலாளர்களையும் கோர்களோடு பிணைக்கலாம். ஆனால் அதே சர்வரில் வேறு நிரல்களும் ஓடினால், பிணைப்பதால் வேகம் குறையவும் கூடும். ஒரு கோரில் வரிசை நீள, பக்கத்துக் கோர் சும்மா கிடக்கும். வாட்ஸ்அப் 2012ஆம் ஆண்டிலேயே ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. அதன் பொறியாளர்கள் எங்கே நெரிசல் என்று அளந்து அளந்துதான் அந்த நிலையை எட்டினார்கள்.

மறையாத பெயர்

ஏர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு ஓசையில்லாமல் உதவிவந்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் நோய்க்காக விடுப்பே எடுக்காமல் உழைத்த அவர், 1929 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பிப்ரவரி 3ஆம் தேதி, 51 வயதில் காலமானார். 1946இல் அனைத்துலகத் தொலைபேசிக் குழு, கம்பிகளின் சுமையை அளக்கும் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருந்தால் சுமை 1 ஏர்லாங். நம் பிரிக்பீல்ட்ஸ் கவுன்டர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கியது 1.6 ஏர்லாங்.

கணினித் துறையில் படிக்கும் நாம், சர்வர் மெதுவானால் உடனே இணையத்தில் தேடி, யாரோ சொன்ன எண்ணை அமைப்பில் மாற்றிப் பார்க்கிறோம். ஏர்லாங் முதலில் ஏணியோடு குழிக்குள் இறங்கினார். எந்தக் கோர் திணறுகிறது, எது சும்மா இருக்கிறது, வரிசை எங்கே நீள்கிறது என்று அளந்த பிறகு அமைப்பில் கை வைத்தால், புதிய சர்வர் வாங்கும் செலவே சில சமயம் மிச்சமாகும்.