இராசமாணிக்கமும் கணக்குக்கு அடங்காத பட்டிருப்பும்

2024 நவம்பர் 14. வெல்லாவெளியில் வாக்குப் போட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது பதினொரு மணி இருக்கும். மதகுக் கட்டில் இருந்தவர்கள், இதுவரை எத்தனை வீதம் விழுந்தது என்று ஆளுக்காள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வயலுக்குப் போனவர்கள் நாலு மணிக்கு முன்னர் வருவார்களா, மழை விடுமா என்பதுதான் அங்கு பேச்சு. எனக்கு அம்மப்பாவின் நினைவு வந்தது. அவர் ஒரு காலத்தில் இராசமாணிக்கத்துக்காக வாக்காளர் இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர்.

இன்றைய பிள்ளைகளுக்கு எஸ். எம். இராசமாணிக்கம் என்றால் சாணக்கியனின் அப்பப்பா. அவ்வளவுதான் தெரியும். 1913 இல் பிறந்த அவர் தமிழரசுக் கட்சியின் தலைவராகவே இருந்தவர். ஆனாலும் சொந்தத் தொகுதியில் ஒரு தேர்தலிலும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று அம்மப்பா சொல்லுவார்.

பட்டிருப்புத் தொகுதியின் அமைப்பு அப்படி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. களுவாஞ்சிகுடியில் வீசும் காற்று போரதீவிலும் மண்டூரிலும் வீசவேண்டும் என்றில்லை. கருத்துக்கணிப்பு என்ற சொல்லே அப்போது ஊருக்குள் வரவில்லை. போடிமார் குடி வழியாகத் தலை எண்ணுவார்கள். இந்தக் குடி இவருக்கு, அந்தக் குடி அவருக்கு என்று ஒரு கணக்கு. சொன்ன வாக்கு எல்லாம் சாவடிக்கு வந்து சேருமா என்பது வேறு கணக்கு. மார்ச்சில் தேர்தல் வந்தால் சூடடிப்பு முடியாமல் கிடக்கும். வட்டைக்குள் வாடி போட்டுக் கிடப்பவன் களத்தில் நெல்லை விட்டுவிட்டு நடந்து வரவேண்டும்.

1947 இல் இத்தொகுதி எஸ். யூ. எதிர்மன்னசிங்கத்திடம் போனது. 1952 இல் இராசமாணிக்கம் சுயேச்சையாக நின்று அதைப் பிடித்தார். 1956 தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தென்னிலங்கையைப் பிடித்து ஆட்டிய தேர்தல் அது. தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் 10 ஆசனங்களை வென்றது. பக்கத்து மட்டக்களப்பில் இராசதுரை வென்றார். அந்த அலையிலும் பட்டிருப்பு எதிர்மன்னசிங்கத்திடமே திரும்பிப் போனது.

1960 மார்ச் 19 இல் இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சியில் வென்று திரும்பினார். அந்த ஒற்றை ஆசனத்தின் பெறுமதி கொழும்பில்தான் தெரிந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக்கு 15. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தமிழரசு எதிர்த்து வாக்களித்ததும் டட்லி சேனநாயக்காவின் அரசு ஏப்ரலில் விழுந்தது. மீண்டும் யூலையில் தேர்தல். நாலு மாதத்துக்குள் அதே வீட்டுப் படலையில் இரண்டாம் தரம் போய் நிற்க அம்மப்பாவுக்கே வெட்கமாக இருந்ததாம். அதிலும் இராசமாணிக்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு சத்தியாக்கிரகம். மட்டக்களப்புக் கச்சேரியும் முடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்து, கட்சித் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1965 இலும் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

1965 இல் டட்லியின் அரசில் சேர்ந்த தமிழரசுக் கட்சி, 1968 இல் கேட்டது கிடைக்காமல் வெளியே வந்தது. கைகோத்ததற்கும் பதில் சொல்லவேண்டும், கைவிட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். அந்த நிலையில்தான் 1970 மே 27 வந்தது. நாடு முழுவதும் அடிவாங்கி ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களுக்குச் சுருங்கியது. அந்த 17 இல் ஒன்று பட்டிருப்பு! எஸ். தம்பிராஜாவிடம் இராசமாணிக்கம் தோற்றார். வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் அன்று தோற்றவர்தான்.

அம்மப்பா கட்சியையும் குறை சொல்லவில்லை, தலைவரையும் குறை சொல்லவில்லை. தன் இடாப்பைத்தான் குறை சொன்னார். படுவான்கரையில் புள்ளடி போட்டு வைத்த பெயர்களில் பாதிப்பேரை அன்று பகல் முழுக்கக் காணவில்லையாம். எனக்கென்னவோ, வந்தவர்களிலும் பலர் மனம் மாறித்தான் வந்திருப்பார்கள் என்று படுகிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி பட்டிருப்பை மீட்டபோது இராசமாணிக்கம் உயிரோடு இல்லை. பிறகு விகிதாசார முறை வந்து, பட்டிருப்பு வாக்கு எண்ணும் பிரிவாக மட்டும் மிஞ்சியது.

அன்றிரவு நான் விடியும்வரை கைபேசியை வைத்துக்கொண்டு இருந்தேன். தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தையும் வன்னியையும்கூட எடுத்துவிட்டது. 22 மாவட்டங்களில் மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக்குப் போனது. மதகுக் கட்டில் இருந்த ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.