போப்பையரும் எங்கள் சரித்திர வகுப்பும்

உறுவையாறு பக்கம் ஒரு கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் படித்தவன் நான். சரித்திரம் என்றாலே வருஷங்களை ஒப்பிப்பதுதான், தப்பினால் பிரம்படி. நம் கல்லூரியில் படித்து இன்ஜினீயர் ஆன பிறகுதான் ஜி.யு. போப்பின் வாழ்க்கையைப் படித்தேன்.

1820-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர். 1839-ல் சென்னைக்கு வந்து, இராமானுஜ கவிராயரிடம் தமிழ் கற்றார். சாயர்புரத்தில் கிறிஸ்தவப் பள்ளி நடத்தினார். பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர். சிறுவர்களுக்காகத் தமிழ் இலக்கணத்தைக் கேள்வி பதிலாக எழுதினார். பள்ளிகளுக்கென்று இந்தியச் சரித்திரப் பாடநூலும் எழுதினார். மூன்றாம் பதிப்பு 1880-ல் வந்தது. வம்சாவளி அட்டவணை, பூகோளக் குறிப்பு, பரீட்சைக் கேள்வி எல்லாம் அதில் உண்டு.

ரொம்பக் கண்டிப்பான வாத்தியார் என்று பெயர். அது எனக்குப் பிடிக்கவில்லை; மறைக்கவும் மனமில்லை. ஆனால் அந்த வாத்தியார் கடைசிவரை மாணவராகவே இருந்தார். ஊர் திரும்பி ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தார். 1886-ல் திருக்குறள், 1893-ல் நாலடியார், எண்பது வயதில் 1900-ல் திருவாசகம் என ஆங்கிலத்தில் தந்தார். 1908-ல் மறைந்தார்.

கடல் கடந்து வந்தவர் நம் மண்ணை இவ்வளவு படித்தார். பாகூரில் பல்லவர் காலத்திலேயே வித்யாஸ்தானம் இருந்ததைச் செப்பேடு சொல்கிறது; பக்கத்து ஊர்க்காரனான எனக்குப் பள்ளியில் அதை யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளே! பிள்ளைகளுக்கு முதலில் உள்ளூர்ச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். பிரம்பு வேண்டாம்.