மறதியைக் கேட்டு எழுதிய டாக்டர்

எங்க அப்பாயி சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து, இன்னும் சோறு போடலையான்னு கேட்பாங்க. வேணும்னே கேட்கிறாங்கன்னு நினைச்சு போன வருஷம் வரைக்கும் நான் சண்டை போடுவேன். ஒரு நாள் அறிவியல் டீச்சர் அல்சைமர் என்ற வார்த்தையைச் சொன்னார்கள். அது நோயின் பெயர் மட்டும் என்று நினைத்தேன். ஒரு மனிதரின் பெயரும் அதுதான்.

அலோயிஸ் அல்சைமர் 1864 ஜூன் 14 அன்று ஜெர்மனியில் மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்து, 1888-இல் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மனநோயாளிகளைக் கட்டிப் போடுவது பல இடங்களில் வழக்கம். இவரும் தலைமை மருத்துவர் சியோலியும் கூடியமட்டும் கட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். படபடப்பாக இருப்பவர்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைப்பார்களாம். அல்சைமர் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார், மைக்ராஸ்கோப்பிலும் மூளையை ஆராய்வார்.

1894-இல் செசிலி என்பவரைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள். 1901-இல் செசிலி இறந்துவிட்டார். கூடப் பிறந்த சகோதரி வந்துதான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்.

அதே வருஷம் நவம்பரில் அகுஸ்தா டேட்டர் என்ற அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயது 51 தான். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டில் அந்த அம்மா பொருளை ஒளித்து வைப்பார், கணவர் மேல் சந்தேகப்படுவார், எல்லாம் மறந்து போகும். அல்சைமர் எதிரில் உட்கார்ந்து பெயர் கேட்டார். அகுஸ்தா என்றார். கணவர் பெயர் கேட்டதற்கும் அகுஸ்தா என்றார். பன்றிக்கறியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுகிறேன் என்றார். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். இதையெல்லாம் படிச்சப்ப எனக்கு அப்பாயி முகம்தான் வந்துச்சு. அல்சைமர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாத்தையும் அப்படியே எழுதி வைத்தார்.

1903-இல் மியூனிக் நகருக்கு, கிரேப்பலின் என்ற பெரிய பேராசிரியரிடம் வேலைக்குப் போனார். போன பிறகும் அந்த அம்மாவை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அகுஸ்தா இறந்ததும் அவருடைய மூளையையும் கேஸ் ஃபைலையும் மியூனிக்குக்கு வரவழைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவு, செல்லுக்கு உள்ளே நூல் சிக்கு மாதிரி முடிச்சு. அதாவது அந்த அம்மா வேணும்னு செய்யலை.

1906 நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! 1910-இல் கிரேப்பலின் தன் புத்தகத்தில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். முதலில் இது வயசு குறைந்தவர்களுக்கு வருகிற அபூர்வ நோய் என்றுதான் நினைத்தார்கள். வயசானவர்களுக்கு வருகிற மறதி நோயிலும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அப்போதே உடம்பு சரியில்லை. 1915 டிசம்பர் 19 அன்று இறந்தார். அவருக்கும் வயது 51 தான். காணாமல் போயிருந்த அகுஸ்தாவின் ஃபைல் 1995-இல் பிராங்க்பர்ட்டில் கிடைத்தது. அவர் கையால் எழுதிய கேள்வியும் பதிலும் அதில் அப்படியே இருந்தன.

நம்ம தமிழ்நாட்டிலும் மதுரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் ஏ. வெங்கோப ராவ், மதுரைக்குப் பக்கத்து ஊர்ப்பகுதியில் முதியவர்களின் மனநலத்தை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்டார். வயசானா இப்படித்தான்னு அவர் விட்டுவிடவில்லை.

போன மாசம் அப்பாயி தனியா ஜெயங்கொண்டம் ரோட்டுல நடந்து போயிட்டாங்க. டீக்கடை அண்ணன்தான் கூட்டிட்டு வந்தார். இப்ப அப்பா அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அப்பாயிக்கு என்ன நோய்னு டாக்டர்தான் சொல்லணும். அதுவரைக்கும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, அப்பாயி என்ன கேட்கிறாங்க, எத்தனை மணிக்குக் கேட்கிறாங்கன்னு எழுதிட்டு வர்றேன். இது வரைக்கும் பதினோரு பக்கம் ஆகியிருக்கு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மீன்சுருட்டி