மதுரைக்கு வந்த நீதிபதி: இபன் பதூதா

எண்பெருங்குன்றங்கள் சூழ்ந்த மதுரை மாநகரில், பாண்டியர்க்குப் பின்னும் விசயநகரத்தார்க்கு முன்னும், சுல்தான்களின் தனியாட்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. அந்நாளைய நிகழ்ச்சிகளை நேரிற் கண்டு உரைத்தவர் மிகச் சிலரே. அவருள் தலையாயவர் மொராக்கோ நாட்டவரான இபன் பதூதா. உலகம் சுற்றிய பயணி என்றே மாணவர்க்கு அவரை நாம் அறிமுகம் செய்து வந்துள்ளோம். அவர் கற்ற கல்வி சட்டக் கல்வி என்பதும், அவர் ஏற்ற பணி நீதிப் பணி என்பதும் நம் கருத்தில் நிலைப்பதில்லை. அந்நோக்கில் அவருடைய வாழ்வை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் பயணமும்

இபன் பதூதா 1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தாஞ்சியர் நகரில், வழிவழியாகச் சட்டம் பயின்ற குடும்பத்தில் பிறந்தார். இசுலாமியச் சட்ட மரபுகள் நான்கனுள் மாலிகி மரபைக் கற்றார். 1325இல், தம் 21ஆம் வயதில், மக்கா யாத்திரைக்கெனப் புறப்பட்டவர் எகிப்து, சிரியா, அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா, நடு ஆசியா ஆகியவற்றைக் கடந்து 1333இல் சிந்து நதிக்கரையை அடைந்தார்.

தில்லியில் அப்போது முகமது பின் துக்ளக் பேரரசனாக வீற்றிருந்தான். அயல்நாட்டு அறிஞர்க்குப் பொன்னை வாரி வழங்கிய அவன், இபன் பதூதாவைத் தில்லியின் காஜி, அதாவது நீதிபதியாக அமர்த்தினான். ஆண்டுக்கு 12,000 வெள்ளித் தினார் ஊதியம். நாட்டு வழக்கமோ அனாபி சட்டம். அரசவை மொழியோ பாரசீகம். இரண்டிலும் அவருக்குப் பழக்கம் குறைவாதலின் துணைவர் இருவர் உடன் நியமிக்கப் பெற்றனர்.

துக்ளக்கின் இயல்பு விந்தையானது. தன் உடன்பிறந்தானை மன்னன் காரணமின்றிக் கொன்றான் என்று இந்துத் தலைவர் ஒருவர் முறையிட்டபோது, அவன் ஆயுதமின்றி நடந்தே காஜியின் மன்றுக்குச் சென்று, தனக்கு எதிரான தீர்ப்பை ஏற்றுக்கொண்டான். சமண ஆச்சாரியர் சினப்பிரப சூரியை 1328இல் அவைக்கு அழைத்து மதித்தவனும், பறிக்கப்பட்டிருந்த மகாவீரர் திருவுருவத்தை மீள அளித்தவனும் அவனே. அதே மன்னனின் அரண்மனை வாயிலில் கொலையுண்டோர் உடல்கள் கிடவாத நாள் அரிது என்றும் இபன் பதூதா உரைக்கிறார். இறுதியில் ஐயம் அவர்மீதும் விழுந்தது. அதினின்று தப்பிய பின், சீனத்துக்குத் தூதுவராக அனுப்பப் பெற்றார். கோழிக்கோட்டில் கப்பல்கள் உடையவே தூது குலைந்தது.

பின்பு மாலத் தீவுகளில் அவர் மீண்டும் காஜியானார். தொழுகைக்கு வாராதாரைத் தண்டித்தார். திருடன் ஒருவனின் கையை வெட்டுமாறு அவர் பணித்தபோது, மன்றிலிருந்த தீவினர் சிலர் மயங்கி வீழ்ந்தனர். சட்டத்தின் எழுத்தில் அத்துணைக் கண்டிப்பானவர் அவர்.

மதுரையில் கண்டவை

இனி மதுரையின் நிலையை நோக்குவோம். பாண்டிய உடன்பிறந்தாரின் பூசலுக்கு நடுவே 1311இல் மாலிக் காபூர் இந்நகரைச் சூறையாடினான். 1323இல் தில்லிப் படை இதனைக் கைப்பற்றியது. 1335ஆம் ஆண்டளவில், தில்லியின் ஆளுநனாயிருந்த சலாலுதீன் அசன்கான் தன்னைச் சுல்தானென அறிவித்துக் கொண்டான். அவன் மகள் ஒருத்தியை இபன் பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொருத்தியை மணந்தவன் பின்னர் மதுரைச் சுல்தானான கியாசுத்தீன் தம்கானி. எனவே, 1344ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையினின்று சோழமண்டலக் கரையில் இறங்கிய இபன் பதூதாவைச் சுல்தான் உறவினராகவே வரவேற்றான்.

பாசறை வழியில் அவர் கண்ட காட்சிகள் கொடியவை. காடுகளிற் பிடிபட்ட மக்கள் கூர்மரங்களில் கழுவேற்றப்பட்டனர். அவர்தம் மனைவியரும் மக்களும் உடன் கொல்லப்பட்டனர். ஒருநாள் சுல்தான் உணவருந்துகையில் வலப்புறம் மதுரைக் காஜியும் இடப்புறம் இபன் பதூதாவும் அமர்ந்திருந்தனர். ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப் பெற்றனர். சுல்தான் குறிப்புக் காட்ட, மூவர் தலைகளும் துணிக்கப்பட்டன. இபன் பதூதா முகத்தைத் திருப்பிக் கொண்டார். மற்றொருநாள் இத்தகைய கொலை நேரவிருக்கையில், தொழுகைக்குச் செல்வதாகக் கூறி எழுந்து போனார்.

போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் எண்பது வயது முதியவன். கண்ணனூர்க் கொப்பத்துப் போரில் சிறைப்பட்ட அவனை விடுவிப்பதாக வாக்களித்து, செல்வமும் யானையும் குதிரையும் பறித்துக்கொண்ட பின் சுல்தான் கொன்றான். தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதனையும் இபன் பதூதா தம் கண்ணாற் கண்டார்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. போரில் பெண்டிரையும் சிறாரையும் கொல்லலாகாது என்பதும், கொடுத்த வாக்கு பிறழலாகாது என்பதும் இபன் பதூதா கற்ற சட்டத்திலேயே உள்ள விதிகள். ஆதலின் மதுரையில் நிகழ்ந்தது அச்சட்டத்தின் ஆட்சி அன்று; அதனை மீறிய அரசின் கொடுங்கோன்மையே. அவ்விதிகளை அறிந்த நீதிபதியர் இருவர் அருகிருந்தும் தடுத்தார் இலர். மாலத் தீவில் எளியவன் கையை வெட்டத் தயங்காத நா, மதுரையில் அரியணைமுன் அடங்கிவிட்டது.

பின்னர்க் கொள்ளைநோய் நகரைப் பற்றியது. நலமுள்ளவள் எனக் கூறி அவருக்கு விற்கப்பட்ட பணிப்பெண் மறுநாளே மாண்டாள். சுல்தானும் நோயுற்று இறந்தான். இபன் பதூதாவையும் கடுங்காய்ச்சல் வருத்த, புளி கரைத்த நீரைக் குடித்து உயிர் பிழைத்தார். இந்நகரில் தங்க மனமின்றி விடைபெற்று அகன்றார்.

எழுத்தால் அளித்த சாட்சியம்

சீனம் முதலிய நாடுகளைக் கண்டு 1349இல் தாயகம் மீண்டார். மொராக்கோ மன்னன் அபூ இனானின் ஆணைப்படி தம் நினைவுகளைச் சொல்ல, இபன் சுசை என்பார் எழுதினார். நூல் 1355இல் உருப்பெற்றது. அதில் மதுரைச் சுல்தானின் செயல் இழிவானது என்றும், வேறெந்த மன்னனும் அவ்வாறு செய்யத் தாம் அறிந்ததில்லை என்றும் தெளிவுறப் பதிவு செய்தார். இறுதி ஆண்டுகளில் தம் நாட்டிலேயே காஜியாகப் பணியாற்றி, 1368ஆம் ஆண்டை ஒட்டி மறைந்தார். சில ஆண்டுகளில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரையை வென்றான்.

மதுரையில் இன்றும் காஜிமார் தெரு உள்ளது. நீதி வழங்குவோரின் பெயர் அரசுகள் பல மாறிய பின்னும் அத்தெருவில் நிலைத்திருக்கிறது. அறநூல் எச்சமயத்தது ஆயினும், அதனைக் கற்றவர் வலியோர் முன்னும் வாய் திறந்தாலன்றி உயிர்களைக் காவாது. அன்று பேசாத இபன் பதூதா பின்னர் எழுதினார். கூடாரத்தில் மாண்ட அம்மூவரின் பெயரை நாம் அறியோமாயினும், அவர்கள் இறந்த செய்தியை அறிவது அவ்வெழுத்தாலேயே. அவ்வளவில் அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அவர் பேசியிருப்பின் அக்கடன் இன்னும் பெரிதாயிருக்கும்.