நாய்களோடு கடலில் வாழ்ந்த அமுண்ட்சென்

இந்த மாதம் சுவர்ப் பத்திரிகையில் சாதனையாளர் பக்கம் எழுதுவது என் முறை. எங்க வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. அதனாலேயே நாய்களோடு கப்பலில் குடியிருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் பெயர் ரோல்ட் அமுண்ட்சென். 1872 ஜூலை 16 அன்று நார்வே நாட்டில் பிறந்தார். கப்பல் வைத்திருந்த குடும்பம். அவருடைய 14 வயதில், அதாவது என் வயதில், அப்பா இறந்துவிட்டார். மகன் டாக்டராக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அம்மாவுக்காக மருத்துவம் படித்தார். 21 வயதில் அம்மாவும் போய்விட்டார். உடனே படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்.

கனடாவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாக அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகப் பல நூறு ஆண்டுகளாக வழி தேடினார்கள். 1845-இல் இரண்டு பெரிய கப்பல்களில் போன பிராங்க்ளின் குழுவில் 129 பேரும் மாண்டார்கள். அமுண்ட்சென் வாங்கியதோ ஒரு சின்ன மீன்பிடிக் கப்பல்! பெயர் யோவா. நீளம் சுமார் 21 மீட்டர்தான். பாய்மரம், ஒரு சிறிய எஞ்சின், அவரோடு சேர்த்து 7 பேர், கூடவே நாய்கள். கடன்காரர்கள் விடமாட்டார்கள் என்று 1903 ஜூன் 16 இரவு, மழையில், சொல்லாமல் கிளம்பிவிட்டார்!

கரையை ஒட்டி, தீவுகளுக்கு நடுவே, ஆழம் பார்த்துப் பார்த்துப் போனார்கள். சின்னக் கப்பல் என்பதால்தான் அங்கே போக முடிந்தது. ஒரு தடவை தரைதட்டிவிட்டது. சாமான்களைக் கடலில் தள்ளித்தான் மீண்டார்கள். இன்னொரு முறை எஞ்சின் அறையில் தீப்பிடித்து, அணைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

கிங் வில்லியம் தீவில் கப்பலை நிறுத்தி இரண்டு குளிர்காலம் தங்கினார்கள். அங்கே நெட்சிலிக் என்ற பனிநாட்டு மக்களிடம் அமுண்ட்சென் மாணவரைப் போலப் பாடம் கற்றார். தோல் உடையைத் தளர்வாக உடுத்துவது, பனிக்கட்டியால் வீடு கட்டுவது, நாய்களைப் பூட்டிச் சறுக்குவண்டி ஓட்டுவது எல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். 1905 ஆகஸ்டில் மேற்கிலிருந்து வந்த திமிங்கில வேட்டைக் கப்பலைச் சந்தித்தார்கள். வழி கிடைத்துவிட்டது! மறுபடியும் கடல் உறைந்ததால், தந்தி கொடுக்க நாய்வண்டியில் சுமார் 800 கி.மீ. போனார். 1906-இல் யோவா அலாஸ்காவின் நோம் துறைமுகத்தை அடைந்தது.

1910-இல் பிராம் என்ற கப்பலில் 97 நாய்களோடு தென்துருவத்துக்குப் புறப்பட்டார். நாய்கள் நனையாமல் இருக்கத் தளத்தின்மேல் இன்னொரு பலகைத் தளம், வெயிலுக்கு மேலே துணி. ஆளுக்குக் கொஞ்சம் நாய்களைப் பிரித்துக் கொடுத்து வளர்க்கச் சொன்னார். வழியிலேயே குட்டிகள் போட்டு, இறங்கும்போது 116 ஆகியிருந்தன. படிக்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

1911 அக்டோபர் 19 அன்று 5 பேரும் 52 நாய்களும் கிளம்பினார்கள். டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் முதன்முதலாக மனிதர் கால் பட்டது. ஆனால் அதற்கு முன்பே, மலை ஏறி முடித்ததும், 24 நாய்களைச் சுட்டுக் கொன்று மனிதர்களும் மற்ற நாய்களும் சாப்பிட்டார்கள். இது முதலிலேயே போட்ட திட்டம். துப்பாக்கிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அமுண்ட்சென் கூடாரத்துக்குள் ஸ்டவ்வைப் பலமாக எரியவிட்டாராம். திரும்பி வந்தது 11 நாய்கள்தான். பாவம்!

அந்தப் பகுதி மட்டும் வேண்டாம், விட்டுடு என்றாள் என் தோழி. நானும் ஒரு தடவை அடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் மணி வந்து என் காலடியில் படுத்தது. மறுபடியும் எழுதிவிட்டேன். மறைத்தால் அது அவருடைய வரலாறு ஆகாது.

1928-இல் பனியில் சிக்கிய இத்தாலிக் குழுவைத் தேடி விமானத்தில் போன அமுண்ட்சென் திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். நாய்களை நினைத்தால் கோபமும் வருகிறது. இரண்டும் உண்மை.

தென்துருவத்தை முதலில் அடைந்தவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் அமுண்ட்சென் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். மனசுக்குள்ளே மட்டும் அந்த 52 நாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி