பயமுறுத்திய படமும் மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரமும்



போன லீவுக்கு ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்க மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். டிவியில் ஒரு தமிழ் டப்பிங் படம் ஓடியது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் வீடுகளை நொறுக்குவார்கள், ஆட்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் தம்பி இரண்டாம் வகுப்பு. சேனலை மாத்துன்னு கெஞ்சினான். நான்தான் சிரித்துக்கொண்டே மாற்றாமல் விட்டேன். அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுதான். அம்மா என்னைத்தான் திட்டினாங்க.

மறுநாள் மாமா எங்களை ஏற்காடு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய பழைய வளைவு நிற்கிறது. அந்த ஸ்டுடியோவைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். அவர் வாழ்க்கையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில் பிறந்தார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். துணி நெய்யப் படித்தவர் படம் எடுக்க வந்துவிட்டார்! 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கினார். 1937-ல் முதல் படம் ‘சதி அகல்யா’ வந்தது. 1938-ல் வந்த ‘பாலன்’தான் மலையாளத்தின் முதல் பேசும் படம். 1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம். இரண்டும் நம்ம சேலத்துக் கம்பெனி எடுத்தவை. நேரம் தவறினால் யாராக இருந்தாலும் விடமாட்டாராம். நூறு படத்துக்கு மேல் எடுத்த கம்பெனி அது.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 1952-ல் சுந்தரம் அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற இங்கிலீஷ் படம் எடுத்தார். தமிழில் அதற்குப் பெயர் ‘காடு’. காட்டு மிருகங்கள் வெறி பிடித்தது போல ஊருக்குள் புகுந்து ஆட்களை மிதிக்கும். ஏன் என்று தேடிப் போனால், எப்போதோ அழிந்துபோன மம்மூத் என்ற ரோம யானைகள் உயிரோடு வரும்! அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பயந்திருப்பார்கள். ஆனால் அந்த மம்மூத் எது தெரியுமா? நம்ம ஊர் யானைதான். அதன் மேல் பொய் முடியைப் போர்த்தி நடக்க விட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது.

இதைக் கேட்டதும் தம்பி முதல் தடவையாகச் சிரித்தான். யானைக்கு அரிக்காதா என்று கேட்டான்.

1963-ல் ‘கலை அரசி’ என்ற எம்.ஜி.ஆர். படம் வந்தது. இது வேறு கம்பெனி எடுத்தது. அதிலேயே வேற்றுக் கிரகத்து ஆட்கள் வந்து, பாட்டுப் பாடும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதே 1963-ல் சுந்தரம் இறந்துவிட்டார். வயது 56தான். அவர் கட்டிய ஸ்டுடியோ இப்போது இல்லை. வளைவு மட்டும் இருக்கிறது.

தோழிகளே, பயப்படுகிற பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது. அது பொய் யானை என்று நமக்குத் தெரியும், சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால்தான் படத்துக்குச் சான்றிதழ் தருகிறார்கள். 2024 முதல் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வயதும் போடுகிறார்கள். வீட்டில் சின்னவங்க இருந்தால் அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தம்பி இன்னும் ஜன்னலைச் சாத்தித்தான் தூங்குகிறான். இப்போது நானே எழுந்து சாத்திவிடுகிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி