கல்லில் இல்லாத பெயர்

இலண்டன் மாநகரின் வடபால், ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அமைதி தவழும் குடியிருப்புத் தெரு ஒன்று உண்டு. கீட்ஸ் குரோவ் என்பது அதன் பெயர். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் அங்கு வாழ்ந்த காலம் ஈராண்டுகூட நிறைவுறாதது.

1795-இல் பிறந்த கீட்ஸ் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். மருத்துவம் பயின்று உரிமம் பெற்றும், அத்தொழிலைத் துறந்து கவிதையை மேற்கொண்டார். 1818 டிசம்பரில் தம்பி டாம் காசநோயால் மறைய, நண்பர் சார்லஸ் பிரவுன் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். ஒரே கட்டடத்தில் இரு வீடுகள். 1819 ஏப்ரலில் மறுபாதியில் குடியேறியது ஃபேனி பிரானின் குடும்பம். காதல், சுவருக்கு அப்பால் வாழ்ந்தது. அவ்வேனிலில், தோட்டத்து மரத்தடியில் அமர்ந்து நைட்டிங்கேல் பறவையைப் பாடினார் என்பது பிரவுன் தந்த செய்தி.

1820 பிப்ரவரியில் ஓரிரவு, இருமலில் வெளிப்பட்ட குருதியின் நிறம் கண்டே தம் முடிவை உணர்ந்தார். கற்றுத் துறந்த மருத்துவம் அவருக்குச் சொன்னது அதுவே. நோய் தீர இத்தாலிக்குச் சென்றவர், 1821 பிப்ரவரி 23-இல் ரோமில் மறைந்தார். அகவை 25. அதற்குள் வெளிவந்த மூன்று நூல்களும் அதிகம் விலைபோகவில்லை. தம் கல்லறையில் பெயர் பொறிக்க வேண்டா என்பது அவர் விருப்பம்; அக்கல்லில் இன்றும் அவர் பெயர் இல்லை.

பின்னாளில் இடிக்கப்படவிருந்த அவ்வீட்டை அன்பர்கள் நன்கொடை திரட்டி மீட்டனர். 1925-இல் அது நினைவில்லமாயிற்று. தெருவும் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. கவிஞர் கைவிட்ட பெயரை வாசகர் கைவிடவில்லை.